துடிப்பும் வெப்பமும்: கணினிச் செயலி கற்பித்த சொற்பாடம்



மொழியியல் படித்த ஒருவன் கணினியைக் குளிர்விப்பது பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இதற்குக் காரணம் என் பேரன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயிலும் அவன், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு பாகங்களைத் தனித்தனியே வாங்கி, தன் கைப்பட ஒரு மேசைக்கணினியைப் பொருத்தினான். ஒரு மாலை என்னிடம் வந்து, "தாத்தா, ஓவர்கிளாக்கிங்குக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டான். பல்லாண்டுகள் சொல்லாக்கம் கற்பித்தவன் நான். ஒரு நொடியும் தயங்காமல், "மிகைக்கடிகாரம்" என்றேன். அவன் கணினிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கடிகாரம் எங்க தாத்தா இருக்கு?" என்றான். என்னிடம் விடை இல்லை. அவன் கைப்பேசியை எடுத்து நண்பனுடன் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினான்.

வீட்டுத் தமிழ் பெரும்பாலும் இப்படித்தான் நின்றுபோகிறது. பிள்ளை தனக்கு மிகவும் விருப்பமான ஒன்றைப் பற்றிப் பேச வரும்போது, நம் மொழி அவனுக்குக் கைகொடுப்பதில்லை. மறுநாள் நானே அவனிடம் சென்று, "எனக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடு, தமிழிலேயே சொல்" என்றேன். அந்தப் பாடத்தில் நான் கற்றவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் அந்தக் கடிகாரத்தைப் பார்ப்போம். செயலிக்குள் ஓடும் 'கிளாக்' நேரம் காட்டுவதில்லை. ஒரே சீரான இடைவெளியில் துடிப்பை எழுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் செயலியின் உள்ளுறுப்புகள் ஒரு படி முன்னே செல்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடியில் 500 கோடித் துடிப்புகள். இசை பயின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கச்சேரியில் தாளம் செய்கின்ற வேலையைத்தான் செயலியில் இந்தத் துடிப்பு செய்கிறது. ஒரு கீர்த்தனையைத் தேர்ந்த பாடகர் துரித காலத்திலும் தெளிவாகப் பாடுவார். ஆனால் காலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். செயலியிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், விடை பிழையாகிறது. கணினி உறைந்து நின்றுவிடுகிறது.

தயாரிப்பாளர் வகுத்த அளவுக்கு மேல் இந்தத் துடிப்பைக் கூட்டுவதே ஓவர்கிளாக்கிங். கூட்டிய வேகத்தைச் செயலி தாங்கவேண்டுமானால், அதன் டிரான்சிஸ்டர்கள் இன்னும் விரைவாக நிலை மாறவேண்டும்; அதற்கு மின்னழுத்தத்தையும் உயர்த்தவேண்டும். இங்கேதான் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது. இயங்கும் செயலி செலவிடும் மின்திறன், துடிப்பின் வேகத்திற்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் வளர்கிறது. இரண்டையும் பத்து விழுக்காடு உயர்த்துவோம் எனக் கொள்ளுங்கள். 1.1 என்பதை மூன்று முறை பெருக்கினால் 1.331 வரும். பத்து விழுக்காடு வேகத்திற்கு ஏறத்தாழ 33 விழுக்காடு கூடுதல் வெப்பம். உயர்நிலைப்பள்ளி மாணவர் எவரும் இக்கணக்கைத் தமிழில் செய்துகாட்ட இயலும்.

செலவாகும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 2022இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ9-13900கே செயலி, முழுவேகத்தில் 253 வாட் வரை எடுத்துக்கொள்ளும்படி வகுக்கப்பட்டது. அதன் சில்லின் பரப்பு சுமார் இரண்டரைச் சதுர சென்டிமீட்டர்; அஃதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட். நம் வீட்டுத் துணி தேய்க்கும் பெட்டி 1000 வாட் எடுத்து, அதன் அடித்தட்டு 200 சதுர சென்டிமீட்டர் இருக்குமானால், அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான்.

இவ்விடத்தில் தமிழ் நமக்கு ஓர் அரிய வசதியைத் தருகிறது. அதை நாம் பயன்படுத்துவதில்லை. பேச்சில் எல்லாவற்றையும் 'சூடு' என்கிறோம். பாடநூல் தமிழோ வெப்பம், வெப்பநிலை என இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு குவளைக் கொதிநீரின் வெப்பநிலை, ஒரு வாளி வெந்நீரின் வெப்பநிலையைவிட உயர்ந்தது. ஆனால் வாளியில்தான் வெப்பம் மிகுதி. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு என் பேரனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "நல்ல கூலர் வாங்கினால் வெப்பம் குறையுமா, வெப்பநிலை குறையுமா?" சற்றுச் சிந்தித்துவிட்டு, "வெப்பநிலைதான் தாத்தா. 250 வாட் எப்படியும் ரூமுக்குத்தான் வரும்" என்றான். சரியான விடை. விசிறியால் தணித்தாலும் நீர்க்குழாயால் தணித்தாலும், அறைக்குள் வந்து சேரும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே.

எனவே 'குளிர்விப்பான்' என்ற சொல்லே நம்மைச் சற்றுத் திசைதிருப்புகிறது. அக்கருவி குளிர்ச்சி எதையும் உண்டாக்குவதில்லை. வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. சில்லிலிருந்து அதன் உலோக மூடிக்கும், மூடியிலிருந்து களிம்பு வழியாகச் செப்புத் தகட்டுக்கும், அங்கிருந்து குழாய் வழியாக மெல்லிய உலோக இதழ்களுக்கும், இறுதியில் விசிறிக் காற்றுக்கும் வெப்பம் கைமாறுகிறது. இடையில் பூசும் களிம்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. நிறையப் பூசினால் நன்றாகக் குளிரும் என்று சிலர் கருதுகின்றனர். களிம்பின் பணி, இரு உலோகப் பரப்புகளின் நுண்பள்ளங்களில் தங்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. அது காற்றைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் செம்பைவிடப் பன்மடங்கு குறைவாகவே கடத்தும். ஆகவே தடித்துப் பூசினால் அதுவே தடையாகும்.

வெப்பம் அறைக்காற்றில்தான் சென்று சேர்கிறது என்று புரிந்துவிட்டால், நம் ஊரின் சிக்கலும் புரியும். சாதாரண விசிறியோ நீர்க்குளிர்விப்போ செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. 21 பாகை அறையில் 75 பாகை காட்டும் செயலி, நம் 31 பாகைப் பிற்பகலில் ஏறத்தாழ 85 காட்டும். அறைக்காற்றைவிடக் குளிர்ந்த நீரைச் செலுத்தலாமே என்றால், அங்கே ஈரப்பதம் குறுக்கிடுகிறது. காப்பிக்கடை மேசையில் ஐஸ் மைலோ குவளை வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே நீர்த்துளிகள் மின்சுற்றுப் பலகையின்மேல் அரும்பினால், கணினியின் கதி என்னவாகும்? −196 பாகைத் திரவ நைட்ரஜனை ஊற்றிச் சாதனை வேகம் காண முயல்வோர், முதலில் பலகையைச் சுற்றி ஈரக்காப்பு செய்வது இதனால்தான்.

வெப்பநிலையைத் தணித்துவிட்டால் எல்லாம் நலமா? அதுவும் இல்லை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலைகுலைந்ததற்கு, அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் என அந்நிறுவனமே 2024இல் அறிவித்தது. திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. மின்னழுத்தம் செய்யும் தேய்மானம், எவ்வளவு குளிர்வித்தாலும் மீளாது. எல்லாவற்றையும் 'சூடு' என்ற ஒரே சொல்லில் அடக்குபவருக்கு இந்நிகழ்வு விளங்காது.

இக்காலச் செயலிகளைத் தயாரிப்பாளர்களே எல்லைக்கு அருகில் ஓட்டிவிடுகின்றனர். ரைசன் 9 7950எக்ஸ் கடும்வேலையின்போது 95 பாகை வரை தானே ஏறி, அங்கே தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. ஆதலால் கையால் கூட்டிப் பெறும் ஆதாயம் சிறிதே. என் பேரன் இறுதியில் துடிப்பைக் கூட்டவில்லை. மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சோதித்து, பிழை வந்த இடத்திலிருந்து ஒரு படி திரும்பி வந்து நின்றான். வேகம் ஏறத்தாழ அப்படியே இருக்க, விசிறியின் ஓசை அடங்கியது.

'மிகைக்கடிகாரம்' என்ற என் சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆங்கிலச் சொல்லை அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்த் துண்டை வைத்தேனே ஒழிய, பொருளைப் பார்க்கவில்லை. பேரன் விளக்கும்போது இயல்பாகவே "துடிப்பைக் கூட்டுறது" என்றான். அந்தத் தொடரில் எல்லாம் இருந்தது. அதிலிருந்து 'துடிப்புயர்த்தல்' என ஒரு கலைச்சொல் பிறக்கலாம், பிறக்காவிடினும் குறையில்லை. முதலில் பொருள் விளங்கவேண்டும். பிறகு ஒரு வாக்கியம் வரவேண்டும். சொல் அதன்பின் வரும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் ஒருவரை, அவருக்கு மிகவும் பிடித்த கருவியைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கூலர், பேன் என்று அவர் சொன்னால் திருத்தாதீர்கள். அவர் எங்கே தடுமாறி நிற்கிறாரோ, அந்த இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, அங்கே அவரோடு சேர்ந்து தேடுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் தாத்தா பாட்டியிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குப் புரியும்வரை சொல்லுங்கள்; உங்களுக்கும் அப்போதுதான் முழுமையாகப் புரியும்.