உப்புத் தண்ணீரும் ஒரு சின்ன போர்டும்

(மீஞ்சூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர் புரோகிராம் பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் தண்ணீரில் இருந்து ஆரம்பிக்கிறேன். 1960களில் இருந்து நம்ம பக்கம் விவசாயத்துக்கும், சென்னைக் குடிநீருக்கும், தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை இழுத்து இழுத்து, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. எந்தத் தெரு போர் எவ்வளவு உப்பு என்பதை நாக்கில் வைத்துத்தான் சொல்கிறோம். பேரூராட்சியில் போய் "கரிக்குதுங்க" என்றால், எழுதிக்கொள்ள அவங்களுக்கு ஒரு எண் வேண்டாமா? அந்த எண்ணை நாமே எடுக்கலாம். எடுக்கும்போதே புரோகிராமும் கற்றுக்கொள்ளலாம்.

இதோ என் கையில் இருப்பது ஆர்டுயினோ போர்டு. சீட்டுக்கட்டு அளவுதான். 2005-ல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில், மின்னணு படிக்காத மாணவர்களும் செய்து பார்த்துக் கற்பதற்காக உருவாக்கினார்கள். இதன் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதால் யாரும் செய்து விற்கலாம். அதனால்தான் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதற்கான மென்பொருள் இலவசம். 2011 முதல் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் தூசி படிந்து கிடந்தால், ஓடுகிற நிலையில் இருந்தால் போதும். 5 வோல்ட்தான், ஷாக் அடிக்காது, பயப்படாதீங்க.

முதல் பாடம், போர்டில் உள்ள குட்டி விளக்கை எரிய வைத்து அணைப்பது. அதில் 1000 என்று ஒரு எண் இருக்கும். ஒரு விநாடி என்று பொருள். அதை அழித்து 200 போட்டால் விளக்கு படபடவென்று கண் சிமிட்டும். அவ்வளவுதான், நீங்க புரோகிராம் எழுதிட்டீங்க! புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் வராத தைரியம் இதில் வருகிறது.

"இங்கிலீஷ் வராதே" என்று கேட்பீங்க. பத்து இருபது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நம்ம குழுக் கூட்டத்தையே பாருங்க. சந்தா கட்டாவிட்டால் அபராதம், கட்டினால் கையெழுத்து. இதுதான் புரோகிராமில் 'இஃப்', 'எல்ஸ்'. இருபது பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு அதையே கேட்கிறோமே, அதற்குப் பெயர் 'லூப்'. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற மொழியில் இதையே 'ஆனால்', 'இல்லை' என்று தமிழில் எழுதலாம். ஆனால் அது கம்ப்யூட்டருக்கு, இந்த போர்டுக்கு இல்லை.

இப்போ தண்ணீருக்கு வருவோம். உப்பு கூடக் கூட தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும். டம்ளரில் சென்சாரை வைத்தால் போர்டு 0 முதல் 1023 வரை ஒரு எண் காட்டும். அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரிய, 10 லிட்டர் கேன் தண்ணீரில் 5 கிராம் உப்பு கரைத்து அளந்து குறிச்சுக்கணும். அது லிட்டருக்கு ஏறத்தாழ 500 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவும் 500-தான். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை. அதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. இந்த புரோகிராமை நீங்களே எழுதலாம்.

ஒன்று மட்டும் கவனம். பச்சை எரிந்தால் குடிக்கலாம் என்று நினைக்காதீங்க. கிருமியோ, ஆலைக் கழிவு உலோகமோ இதில் தெரியாது. மனுவோடு வைக்க குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகச் சான்றுதான் வேணும். எந்த போர் தண்ணீரை முதலில் அங்கே அனுப்பணும் என்பதை நம்ம போர்டு சொல்லும்.

கேரளத்தில் 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் பள்ளிப் பிள்ளைகள் இப்படித்தான் கையால் செய்து கற்கிறார்கள். நம்ம பொண்ணுங்க பக்கத்தில் உட்காரட்டும், ஆனா கீபோர்டு உங்க கையில் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தெரு போர் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு வாங்க. பாட்டில் மேலே தெருப் பெயரும் தேதியும் எழுதுங்க. ஐந்து கிராம் உப்பு நான் கொண்டு வர்றேன்.