அடகுக்காரியும் கோடரியும்
(படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு கொலைக் கதை. தாஸ்தாயெவ்ஸ்கி எழுதிய 'குற்றமும் தண்டனையும்'. 1866-ல் ரஷ்ய மாதப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த நாவல். கொலைகாரன் யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். ஏன் கொன்றான், கொன்று என்ன கண்டான் என்பதுதான் கதை.

இடம், ஜாரின் தலைநகரான பீட்டர்ஸ்பர்க். 1861-ல் பண்ணை அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் குடியானவன் நிலத்துக்கு விலை கட்ட வேண்டியிருந்தது. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர்கள் ஏராளம். அந்த நகரத்தில் ரஸ்கோல்னிகவ் என்ற மாணவன், பணமில்லாமல் படிப்பை விட்டு, வாடகை பாக்கியோடு ஒரு பொந்து அறையில் கிடக்கிறான். ஊரில் தாய்க்கு வருஷத்துக்கு 120 ரூபிள் பென்ஷன். தங்கையோ குடும்பத்துக்காக, மனத்துக்கு ஒவ்வாத பணக்காரனுக்கு வாழ்க்கைப்படச் சம்மதிக்கிறாள்.

அவன் தகப்பனாரின் வெள்ளிக் கடிகாரத்தை அடகுக்காரக் கிழவியிடம் கொண்டுபோகிறான். கணக்கைக் கேளுங்கள். கடிகாரத்துக்கு ஒன்றரை ரூபிள். வட்டி மாதத்துக்கு ரூபிளுக்கு 10 கோபெக். அதாவது நூற்றுக்குப் பத்து. அதில் 15 கோபெக் முன்கூட்டியே பிடித்தம். பழைய 2 ரூபிள் கடனுக்கு வட்டி 20 கோபெக். கையில் விழுந்தது 1 ரூபிள் 15 கோபெக். நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை!

அவனும் ஒரு கணக்குப் போடுகிறான்: ஒரு கிழவி சாகட்டும், அவள் பணத்தில் நூறு குடும்பம் பிழைக்கட்டும். கோடரியை எடுக்கிறான்.

பலன் என்ன? கிழவியோடு அவள் தங்கை லிசவேத்தாவும் செத்தாள். அக்காளிடம் அடிபட்டு, ஓயாமல் உழைத்த ஏழை அவள். அந்த நேரத்தில் வீட்டுக்குள் வந்தது ஒன்றே அவள் குற்றம். அதே வீட்டில் வர்ணம் பூசிக்கொண்டிருந்த நிக்கோலாய் என்ற கிராமத்துத் தொழிலாளி போலீஸில் மாட்டிக்கொண்டான். திருடிய பையில் 317 ரூபிளும் சில்லறையும் இருந்தன. அவன் அதைக் கல்லுக்கடியில் மறைத்தான். ஒரு கோபெக்கும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் சைபீரியாவில் 8 வருஷக் கடுங்காவல்.

ஆனால் அவன் கையால் ஒரு குடும்பம் உதவி பெறத்தான் செய்தது. குடித்தழிந்த குமாஸ்தா ஒருவர் வண்டியில் அடிபட்டுச் சாகிறார். அவருடைய அடக்கச் செலவுக்குக் கொடுக்கிறான். எந்தப் பணம் அது? தாய் தன் பென்ஷனின் பேரில் கடன் வாங்கி அனுப்பிய பணம்!

அவன் எங்கே தவறினான்? கிழவியைக் கணக்கில் எழுதினான், வட்டியை எழுதவில்லை. கிழவியின் கதவு மூடினால் ஏழை வேறு கதவைத் தட்ட வேண்டியதுதான். நூறு குடும்பத்துக்காக என்றானே, அந்த நூறில் ஒருவரிடமாவது யோசனை கேட்டானா? நெப்போலியனைப் போன்ற பெரிய மனிதர்களுக்குச் சட்டம் தடையில்லை என்று கட்டுரை எழுதியவன், தானும் அந்த ஜாதி என்று நினைத்தான். ஏழைகளுக்கு மேலே நின்றுகொண்டு ஏழைகளை விடுவிக்கப் புறப்பட்டான்.

ஆசிரியரும் 1849-ல் கைதாகிச் சைபீரியாவில் நான்கு வருஷம் சிறைக் கஷ்டம் அனுபவித்தவர். துன்பப்பட்டுப் பாவத்தைக் கழுவு என்பது அவர் முடிவு. அதில் நாம் அவரோடு சேரவில்லை. ஆனால் வறுமை ஒரு மனிதனைத் தனியறையில் பூட்டி, என்னவெல்லாம் எண்ண வைக்கும் என்பதை அவரைப்போல் எழுதியவர் குறைவு.

ஆகவே தோழர்களே, இந்தப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். எழுத்துத் தெரிந்தவர் படிக்க, மற்றவர்கள் கூடியிருந்து கேளுங்கள். கடன் பாக்கியோடு பேச்சுமூச்சின்றி ஒதுங்கிக் கிடப்பவர் நம் தெருவில் இருந்தால், முதலில் அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.