எத்துணைப் பெரிய வால்வு வேண்டும்?



நம் குடியிருப்பில் நள்ளிரவில் தொலைபேசி மணி ஒலிக்காத வீடு அரிது. "வால்வு ஆடுகிறது" என்ற செய்தி கேட்டு ஆலைக்கு விரைபவரை வழியனுப்பிய தாய்மார்கள் இங்கே பலர் உள்ளனர். அஃது ஏன் ஆடுகிறது என்று அவர்கள் வினவினால், நாம் கூறக்கூடிய விடை பல வேளைகளில் ஒன்றே: வால்வு தேவைக்கு மிஞ்சிப் பெரியது.

கட்டுப்பாட்டு வால்வு வீட்டுக் குழாயைப் போன்றதன்று. கருவியின் கட்டளைப்படி நொடிதோறும் சிறிது திறந்தும் சிறிது மூடியும் ஓட்டத்தை ஒரு நிலையில் வைப்பது அதன் பணி. முழுதும் திறந்த வால்வின் முன்னும் பின்னும் அழுத்த வேறுபாடு 1 பார் இருக்கையில், மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் செல்லுமோ, அதுவே அதன் 'கேவி' எண். (மின்துறை அன்பர்கள் கிலோவோல்ட் என்று எண்ணிவிட வேண்டா!) இதனை 1.156-ஆல் பெருக்கினால், காலன் கணக்கில் அமைந்த அமெரிக்கரின் 'சிவி' எண் கிடைக்கும்.

தண்ணீருக்குக் கணக்கு எளிது. ஓட்டத்தை அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தல் வேண்டும். ஓட்டம் மணிக்கு 60 கன மீட்டர், வேறுபாடு 4 பார் எனின், கேவி 30. விலைப்பட்டியலில் அடுத்துள்ள 40 போதும். நீராவிக்கும் வளிகளுக்கும் முறை வேறு. இன்று அதனுட் புகவில்லை.

ஆனால் நடப்பது யாது? வடிவமைப்போர் காப்புக்கென 10 விழுக்காடு கூட்டி 66 என்பர். குழாய்த் துறையினர் அதன்மேல் 20 விழுக்காடு கூட்டுவர். ஓட்டம் 79 ஆகிவிடும். பம்பு தேய்ந்தால் என் செய்வது என்றஞ்சி, மற்றொருவர் அழுத்த வேறுபாட்டை 2 பார் எனக் கொள்வார். இப்பொழுது கேவி 56! வந்து சேர்வதோ 63 எண்ணுடைய வால்வு. ஒவ்வொருவரும் நன்மை கருதியே கூட்டினர். தமக்கு முன்னவர் கூட்டியதை எவரும் கேட்டிலர்.

ஆலை குறைந்த சுமையில் ஓடும்போதுதான் துன்பம் தொடங்கும். ஓட்டம் 20-ஆகக் குறைகிறது என்போம். குழாயின் உராய்வு தணிந்து, பம்பின் அழுத்தம் உயர, வால்வின்மேல் 9 பார் விழக்கூடும். அப்போது வேண்டுவது ஏறத்தாழ 6.7, 63-இல் அது பத்தில் ஒரு பங்கே. நேர்விகிதத்தில் திறக்கும் வால்வாயின், அடைப்பு தன் இருக்கையை ஒட்டியே நிற்கும். தண்டு சற்றே அசைந்தாலும் ஓட்டம் பெரிதும் மாறும், கருவி திருத்த முயலும், திருத்தம் மிகையாகும். இடுக்கிற் பாயும் நீர் உலோகத்தையும் அரிக்கும்.

பொருத்திவிட்ட வால்வுக்கு மாற்றில்லை என்று சோர்வடைய வேண்டா. உச்சச் சுமையிலும் குறைந்த சுமையிலும் ஓட்டம், முன்னழுத்தம், பின்னழுத்தம், தண்டின் நிலை ஆகிய நான்கையும் குறித்து வந்து, மேற்சொன்ன கணக்கைப் போடுவோம். உச்சச் சுமையிலும் வால்வு பாதிக்குக் குறைவாகவே திறந்திருக்குமாயின், பல வகை வால்வுகளில் உடலைக் குழாயிலேயே விட்டு, அடைப்பையும் இருக்கையையும் மட்டும் சிறியனவாக மாற்றிக்கொள்ளலாம்.