பூட்டிய அலமாரி

ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பள்ளிப்பட்டில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்குவன. 1947 ஜூலையில் நாகிரெட்டியாரும் சக்கரபாணியாரும் தொடங்கிய திங்களிதழ், என் இளமையில் எங்கள் இல்லத்திற்கு ‘அம்புலிமாமா’வாகவும் அண்டை வீட்டிற்குச் ‘சந்தமாமா’வாகவும் வந்தது. எழுத்து வேறு, சித்திரம் ஒன்றே. உருவிய வாளுடன் வேதாளத்தைத் தோளிற் சுமந்து செல்லும் விக்கிரமனை ஓவியர் சங்கர் தீட்டியிருந்தார். அப்படத்தை நடுவில் வைத்துக்கொண்டு நானும் அண்டை வீட்டுத் தோழனும் ஒருவர் மொழியை மற்றவர் கற்றோம்.

ஆசிரியப் பணி ஏற்றபின், அவ்விதழ்களை ஆண்டுவாரியாகக் கட்டடம் செய்வித்து அலமாரியிற் பூட்டினேன். கிழித்துவிடுவார்கள் என்று அஞ்சி, கேட்ட மாணவர்க்கும் கொடுத்தேனில்லை. ஒரு மழைக்காலம் கழிந்து திறந்தபோது, கரையான் அவற்றை முற்றும் தின்றிருந்தது.

2008இல், அவ்விதழின் அறுபதாண்டு நிறைவையொட்டி, பழைய கதைகளும் ஓவியங்களும் சேகரிப்போர்க்குரிய சிறப்புத் தொகுப்பாக வெளிவந்தன. பின்னர் இதழே நின்றுபோயிற்று. சங்கரும் 2020இல் மறைந்தார். ஆதலின் இத்தகைய மறுபதிப்பு வேண்டுவதே. அழியவிருக்கும் ஓவியத்தை அது காக்கிறது. ஆயினும், விலையுயர்ந்ததென்று அதனையும் பூட்டிவைப்போமாயின், என் பிழையையே மீண்டும் செய்தவராவோம். கைபட்டு நைந்த நூல் ஒரு சிறுவனையேனும் வளர்த்திருக்கும். பூட்டிய நூல் கரையானையே வளர்க்கும்.