நளபணாவின் கோடை: சிலிகா ஏரித் தீவின் எழுதப்படாத கணக்கு

(அரசு அலுவலர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஒடிசா மாநிலத்தின் சிலிகா ஏரியில் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் ஒரு நாள் பறவைகள் எண்ணப்படுகின்றன. வனத்துறையினரும் பறவை அறிஞர்களும் தொண்டர்களும் குழுக்களாகப் பிரிந்து, விடியற்காலையில் படகேறி, ஏரியின் மூலை முடுக்கெல்லாம் சென்று எண்ணித் திரும்புகின்றனர். அந்த எண் நாளேடுகளில் இடம்பெறுகிறது. 2019 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் அது 10 இலட்சத்தைத் தாண்டியது. 2021 இல் 12 இலட்சத்தையும் கடந்தது. ஊசிவால் வாத்து, கருவால் வாத்து, நாமத்தலை வாத்து ஆகியவையே இத்தொகையில் பெரும் பங்கு வகிக்கின்றன. மார்ச்சுத் திங்கள் முடிவதற்குள் இவ்விருந்தினரில் பெரும்பகுதி வடக்கு நோக்கிச் சென்றுவிடும். சுற்றுலாப் பயணியரும் குறைவர். அத்துடன் கணக்கேட்டையும் மூடிவிட்டால் ஏரியின் ஓராண்டு வாழ்வில் பாதி எழுதப்படாமலே போய்விடும். கோடையில் அங்கு காணத்தக்கவை யாவை, அவற்றைப் பதிவு செய்வதால் யாருக்கு என்ன பயன் என்பதே இவ்வுரையின் பொருள்.

சிலிகா, பூரி, கோர்தா, கஞ்சம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் உவர்நீர்க் காயல். இந்தியாவில் இவ்வகையில் இதுவே மிகப் பெரியது. கோடையில் இதன் பரப்பு ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். வடக்கிலிருந்து தயா, பார்கவி முதலிய மகாநதியின் கிளையாறுகள் நன்னீரைக் கொண்டு சேர்க்கின்றன. கிழக்கே முகத்துவாரத்தின் வழியாக வங்கக் கடலின் நீர் உட்புகுகிறது. இவ்விரண்டிற்கும் இடையிலான இழுபறியே ஏரியின் உயிர் எனலாம். கோடையில் ஆற்று வரத்து சுருங்கும்போது உப்பின் அளவு உயரும். மழை தொடங்கியதும் தாழும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஏற்பவே மீன்களும் இறால்களும் கடலுக்கும் ஏரிக்குமாகப் போய்வருகின்றன.

ஏரியின் நடுப்பகுதியில் அமைந்தது நளபணா. நாணல் மண்டிய தீவு என்று பெயருக்குப் பொருள் கூறுவர். 15.53 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவு, 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1987 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மனிதக் குடியிருப்பு இல்லை. காவலுக்கும் நோக்குவதற்கும் கோபுரம் உண்டு. இதனைத் தீவு என்று அழைப்பதுகூட ஆண்டின் ஒரு பகுதிக்கே பொருந்தும். மழைக்காலத்தில் ஏரி பெருகும்போது நளபணா நீரில் மூழ்கி மறைந்துவிடுகிறது; மழைக்குப் பின் நீர் வடிய வடிய மீண்டும் தலைகாட்டுகிறது. வருவாய்த்துறையின் நிலப் பதிவேட்டில் இத்தகைய நிலத்தை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்பது சுவையான வினாவாகும்.

கோடையின் குடிகள்

வாத்துகள் சென்றபின் தீவு வெறுமையாகிவிடுவதில்லை. முதலாண்டுப் பருவத்தில் உள்ள இளம் உள்ளான்கள் சில, இனப்பெருக்க வயதை எட்டாமையால் வடக்கே செல்லாது தங்கிவிடும். கோடையிலும் அவற்றைச் சேற்றுக் கரைகளில் காணலாம். வெண்வயிற்றுக் கடற்கழுகும் செம்பருந்தும் ஆண்டு முழுவதும் உண்டு. ஆனால் கோடையின் சிறப்பு ஆலாக்களே.

ஆற்று ஆலா சாம்பல் நிற உடலும் கரிய தொப்பியும் மஞ்சள் அலகும் சிவந்த கால்களும் பிளவுபட்ட நீண்ட வாலும் கொண்டது. கூடு கட்டும் வழக்கம் அதற்கு இல்லை. திறந்த தரையில் சிறு குழியொன்றைப் பறித்து முட்டையிடும். முட்டையின் புள்ளிகள் மண்ணோடு ஒன்றிப் போவதால், நடப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் காலடியில் மிதிபடும் அச்சம் எப்போதும் உண்டு. நாய், நரி, காகம் ஆகியவற்றுக்கும் இது எளிய இரை. உச்சி வெயிலில் தாய்ப்பறவை முட்டையின் மீது நிற்பது சூடேற்றுவதற்காக அன்று, நிழல் தருவதற்காக. ஆலா இனங்களில் சில வயிற்றுச் சிறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. எனவே கரையை நெருங்கும் ஒரு படகு பறவையைக் கால் மணி நேரம் எழுப்பி விரட்டினால் போதும், கூட்டத்தின் முட்டைகள் வெயிலில் கெட்டுப்போகக்கூடும். பயணியர் படகைத் தீவிலிருந்து தள்ளி நிறுத்தும் விதி வெறும் சம்பிரதாயம் அன்று.

2002 ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு நளபணாவில் ஆற்று ஆலாவின் 540 கூடுகளைப் பதிவு செய்தது. தென்கிழக்கு ஆசியாவிலேயே பெரிய ஈனும் கூட்டம் என அது மதிப்பிடப்பட்டது. பருத்த கரிய அலகுடைய மற்றோர் ஆலா இனமும் சிறு எண்ணிக்கையில் அங்கு முட்டையிட்டிருந்தது. ஆற்று மணல்திட்டுகள் அணை நீரால் மூழ்குவதாலும் மணல் அள்ளப்படுவதாலும் தம் இடங்களை இழந்துவரும் ஆற்று ஆலா, இன்று உலகப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக வைக்கப்பட்டுள்ளது. பன்னிரண்டு இலட்சத்தின் அருகில் 540 சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் முன்னது பல நாடுகளின் நன்மை தீமைகளைச் சேர்த்துக் காட்டும் எண். சைபீரியாவில் ஈனும் காலம் நன்றாக அமைந்தாலும் அது உயரும். பின்னது முற்றிலும் சிலிகாவின் மண்ணையும் நீரையும் மீனையும் காவலையும் பொறுத்தது. நிருவாகத்தின் செயலை அளக்க விரும்பும் அலுவலர் இவ்விரண்டில் எதனை நம்ப வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஏரி கண்ட வீழ்ச்சியும் மீட்சியும்

சிலிகாவில் முறையான உயிரியல் நோக்கல் புதிதன்று. இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அன்னண்டேலும் கெம்ப்பும் 1914 முதல் 1916 வரை ஏரியை ஆய்ந்து பல பகுதிகளாக வெளியிட்டனர். ஏரியின் பார்குடா தீவில் கிடைத்த காலற்ற அரணை ஒன்றை 1917 இல் அன்னண்டேல் விவரித்தார். தீவின் பெயரே அதன் அறிவியற் பெயராயிற்று. இந்திய விலங்கியல் ஆய்வகம் 1980-களில் மீண்டும் ஆய்வு நடத்தி எண்ணூறுக்கும் மேற்பட்ட விலங்கினங்களைப் பட்டியலிட்டது. இரு ஆய்வுகளுக்கும் இடையே எழுபது ஆண்டுகள். இடைப்பட்ட மாற்றம் எப்பொழுது, எந்த வேகத்தில் நிகழ்ந்தது என்பதற்கு ஆண்டு வாரியான சான்று இல்லாமற் போனதன் விலையைப் பின்னர் மீனவர்கள் கொடுத்தனர்.

1981 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் இந்தியாவின் முதல் ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்ட சிலிகா, 1993 இல் சீர்கெட்ட ஈரநிலங்களின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது. வண்டல் படிந்து முகத்துவாரம் தூர்ந்தது, உப்பு குறைந்தது, நன்னீர்க் களைகள் பரவின, மீன் வரத்து அடைபட்டது. கரையோரங்களை இறால் அடைப்புகள் வளைத்துக்கொண்டன. சிலிகாவையும் தமிழகத்தை ஒட்டிய பழவேற்காடு ஏரியையும் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என 1996 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததன் பின்னணி இதுவே. 1999-2000 இல் ஏரியின் மீன்பிடி சுமார் 1,750 டன்னாக இருந்தது. இதனை நம்பி வாழ்வோரோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர்.

1991 இல் அமைக்கப்பட்ட சிலிகா வளர்ச்சி ஆணையம், 2000 ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று சாதபாடாவுக்கு அருகில் புதிய முகத்துவாரத்தைத் திறந்தது. 2001-02 இல் மீன்பிடி ஏறத்தாழ 12,000 டன்னாயிற்று. 2002 இல் சீர்கெட்டோர் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. 540 கூடுகள் எண்ணப்பட்டதும் அதே 2002 தான். மீன் பெருகியதால் ஆலா பெருகியது என்று உடனே முடிவு கூறத் தோன்றும். பொருளியல் மாணவர் இங்கே சற்று நிற்றல் நலம். ஒரே ஓர் ஆண்டின் எண் ஒரு புள்ளியைத்தான் தரும், போக்கைத் தராது. 1998 இலும் 1999 இலும் அதே மேட்டில் அதே முறையில் கூடுகளை எண்ணியிருந்தால் மட்டுமே முகத்துவாரத்தின் பயனில் ஆலாவின் பங்கையும் சேர்த்துக் கூற இயலும்.

நாள்தோறும் எழுதுதல்

தீவுகளில் நோக்ககம் அமைத்து நாள்தோறும் எழுதும் வழக்கம் வேறு நாடுகளில் பழையது. வேல்சு நாட்டின் ஸ்கோக்கோம் தீவில் 1933 இல் லாக்லி தொடங்கியது பிரிட்டனின் முதல் பறவை நோக்ககம். அங்கு மாலைதோறும் அன்று கண்டவற்றையெல்லாம் ஏட்டில் பதிவர். அரிய பறவைக்கு மட்டும் இடமளிப்பதில்லை. சாதாரணப் பறவை வராத நாளும் பதிவே. இந்தியாவில் சாலிம் அலியின் வழிகாட்டலில் 1959 இல் பெருமளவில் தொடங்கிய வளையமிடும் பணியும் இத்தகைய பொறுமையால்தான் பயன் தந்தது.

சிலிகாவில் இதற்கான ஆட்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வடகரையின் மங்களாஜோடி ஊரில், முன்பு பறவைகளை வேட்டையாடி விற்ற குடும்பத்தினரே 2000 அளவில் பாதுகாப்புச் சங்கம் அமைத்துக் காவலராயினர். இன்று படகோட்டியும் வழிகாட்டியும் வாழ்கின்றனர். எந்தப் பறவை எந்தப் புல்லில் முட்டையிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். கோடையில் பயணியர் வராததால் அவர்தம் வருவாய் குறைகிறது. அந்நாட்களில் கூடுகளைத் தொலைவிலிருந்து எண்ணவும் காவல் புரியவும் நாட்கூலி கொடுத்தால் அறிவும் பிழைப்பும் ஒருங்கே நிறைவேறும். ஒரு படகு, இரு தொலைநோக்கிகள், அச்சிட்ட படிவம் ஆகியவற்றுக்கு மேல் இதற்குப் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. பெரிய கட்டடத்திற்கு நிதி எளிதில் கிடைக்கிறது. நாட்கூலிக்கு மட்டும் கோப்பு நகர்வதில்லை என்பது பலரும் அறிந்ததே.

படிவத்தில் பறவைகளோடு பிறவும் இடம்பெற வேண்டும். சாதபாடா அருகே தோன்றும் ஐராவதி ஓங்கில்கள் ஏரி முழுவதிலும் 150 அளவிலேயே உள்ளன. விசைப்படகின் சுழலியே அவற்றுக்குப் பெரும் ஆபத்து. நாணற் காடுகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. 2021, 2022 ஆண்டுகளில் தானியங்கி ஒளிப்படக் கருவிகளைக் கொண்டு நடந்த கணிப்பில் அதன் தொகை 176 என மதிப்பிடப்பட்டது. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்கு வெளியே இந்த விலங்கு முறையாக எண்ணப்பட்டது உலகில் அதுவே முதன்முறை.

2019 மே 3 அன்று ஃபானி புயல் பூரிக்கு அருகில் கரையேறியபோது மணல் மேடு உடைந்து ஏரிக்குப் புதிய முகத்துவாரங்கள் தோன்றின. நீரின் உப்பு உயர்ந்தது. அது ஆலாக்கள் முட்டையும் குஞ்சுமாக இருக்கும் பருவம். சூன் நடுவில் ஒடிசாவில் பருவமழை தொடங்கும். மகாநதியின் நீர் நராஜ் தடுப்பணையைத் தாண்டி வரும் அளவைப் பொறுத்து ஏரி உயரும். கடைசிக் குஞ்சு பறக்கும் நாளுக்கும் நளபணா மூழ்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள் உள்ளன என்பதை ஆண்டுதோறும் காவற் கோபுரத்திலிருந்து குறித்து வந்தால், நீரைத் திறந்துவிடும் பொறியாளரின் மேசைக்கு அந்த ஏட்டின் ஒரு படியைச் சூன் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடலாம்.