தோற்ற திட்டத்தின் கோப்பு



இக்கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களை முழுவதும் படித்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். புத்தாக்கத்துக்கு அரசு யாருக்குப் பணம் தர வேண்டும், எவ்வளவு தர வேண்டும், தேர்வுக் குழுவில் யார் இருக்க வேண்டும் என்ற கேள்விகளையே பெரும்பாலான கட்டுரைகள் எழுப்புகின்றன. நல்ல கேள்விகள்தான். ஆனால் பணம் கொடுத்த திட்டம் தோற்றுப்போனால் அந்தக் கோப்பு எங்கே போகிறது, அதில் உழைத்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்ற கேள்வி எங்கோ ஓரத்தில்தான் நிற்கிறது. இரண்டு நாள் விவாதத்தின் நடுவே வைக்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பின்லாந்தை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நாட்டின் மக்கள்தொகை சென்னைப் பெருநகரில் வாழ்வோரைவிடக் குறைவு. தொழில்நுட்ப ஆய்வுக்கு நிதி தருவதற்கென்றே 1983இல் டெகெஸ் என்ற அரசு முகமையை அங்கே தொடங்கினார்கள். ஏற்றுமதிக்கும் அயல்நாட்டு முதலீட்டுக்கும் வழிகாட்டும் வேலையை பின்ப்ரோ பார்த்தது. அதன் வேர் 1919ஆம் ஆண்டின் ஏற்றுமதிச் சங்கம் வரை போகிறது. 2018 ஜனவரி முதல் நாள் இரண்டும் ஒன்றாகி பிசினஸ் பின்லாந்து ஆயின. ஆய்வு நிதி, ஏற்றுமதி, முதலீடு, சுற்றுலா விளம்பரம் என அத்தனையும் அப்போது பொருளாதார, வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் கீழ் ஒரே கூரைக்குள் வந்தன.

டெகெஸின் உண்மையான சோதனைக் காலம் 1990களின் தொடக்கம். சோவியத் வணிகம் சரிந்தது, வங்கிகள் ஆட்டம் கண்டன. 3 விழுக்காட்டளவில் இருந்த வேலையின்மை நான்கே ஆண்டுகளில் 16ஐத் தாண்டியது. மருத்துவத்திலும் கல்வியிலும்கூடச் சிக்கனம் பிடித்த அந்த அரசு, ஆய்வு நிதியில் மட்டும் கை வைக்காமல் கூட்டிக்கொண்டே போனது. 1996இல் அரசு நிறுவனப் பங்குகளை விற்ற பணத்தை ஆய்வுக்குத் திருப்பவும் முடிவெடுத்தார்கள். வேலையில்லாதவர்கள் வரிசையில் நிற்கும்போது பத்தாண்டு கழித்துப் பலன் தரக்கூடிய ஒன்றுக்குப் பணம் ஒதுக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, வரவு செலவுத் திட்டங்களைப் படித்துப் பழகிய இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் கொடுக்கும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். திட்டச் செலவு முழுவதையும் முகமை ஏற்பதில்லை. நிறுவனமும் தன் பங்கைப் போட்டாக வேண்டும். ஊழியர் எத்தனை மணி நேரம் அந்தத் திட்டத்தில் வேலை செய்தார் என்ற பதிவேடு வேண்டும். ஏற்கத்தக்க செலவைக் கணக்கில் காட்டினால்தான் அதற்குரிய பணம் கிடைக்கும். 2008இல் தொடங்கிய இளம் நிறுவனங்களுக்கான நிதியில் மொத்தம் 12.5 லட்சம் யூரோ வரை பெற முடிந்தது. ஆனால் ஒரே தவணையில் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டிய பிறகே அடுத்தது கிடைத்தது.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது கடனில் உள்ள ஓர் ஏற்பாடு. ஆய்வுக் கடன் வாங்கிய நிறுவனம் நேர்மையாக முயன்றும் திட்டம் பலிக்கவில்லை என்றால், கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்காமல் விட முடியும். இது யாருடைய சிபாரிசாலும் கிடைக்கும் சலுகை இல்லை. தோல்வி வரக்கூடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கு விதியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சூப்பர்செல் என்ற விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 2010இல் தொடங்கியபோது டெகெஸ் கடன் கொடுத்தது. அவர்கள் முதலில் உருவாக்கிய இணைய விளையாட்டு எடுபடவில்லை. அதைக் கைவிட்டுக் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் மாறினார்கள். 2012இல் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் வந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானிய சாஃப்ட்பேங்க் குழுமம் 150 கோடி டாலருக்கு 51 விழுக்காடு பங்கை வாங்கியது. அதில் கிடைத்த ஆதாயத்துக்கு நிறுவனர்கள் பின்லாந்திலேயே வரி கட்டினார்கள். முதல் விளையாட்டு தோற்ற அன்றே ஒரு தணிக்கை அதிகாரி அந்தக் கோப்பில் ‘வீண் செலவு’ என்று எழுதி மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்த ஒன்றும் உண்டு. ஆல்டோ பல்கலைக்கழக மாணவர் முயற்சியில் முளைத்தது ஐஸ்ஐ நிறுவனம். மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் பார்க்கும் ராடாரை 100 கிலோவுக்கும் குறைவான செயற்கைக்கோளில் வைக்க முடியும் என்று பிடிவாதமாக நின்றது. தொடக்கத்தில் கைகொடுத்தவர்களில் டெகெஸும் உண்டு. அந்த முதல் செயற்கைக்கோளை 2018 ஜனவரி 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது பி.எஸ்.எல்.வி. ஏற்றிச் சென்றது. பிசினஸ் பின்லாந்து பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம் அது. பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று அந்தப் புகைத்தடத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அதன் பின்னே ஹெல்சிங்கி அலுவலகம் ஒன்றின் கையெழுத்து இருந்தது தெரிந்திருக்கும்!

பின்லாந்தில் எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. 2009இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.7 விழுக்காட்டைத் தொட்டிருந்த ஆய்வுச் செலவு, அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு சரிந்தது. நோக்கியாவின் வீழ்ச்சி ஒரு காரணம். 2015க்குப் பின் அரசே டெகெஸ் மானியங்களை வெட்டியது இன்னொன்று. கொரோனா காலத்தில் ஏறக்குறைய 100 கோடி யூரோவை அவசரமாகப் பங்கிட்டபோது, பாதிக்கப்படாத நிறுவனங்களுக்கும் போய்விட்டது என்று கடும் விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம் என்றே கருதுகிறேன். வேகமாகக் கொடு என்று முகமையிடம் சொல்லிவிட்டு, ஆழமாகச் சோதி என்றும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சரிவிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டதைப் பாருங்கள். நாடாளுமன்றக் கட்சிகள் ஒன்றாக உட்கார்ந்து பேசி, 2030க்குள் அரசின் ஆய்வு நிதியை உள்நாட்டு உற்பத்தியில் 1.2 விழுக்காட்டுக்கு உயர்த்தச் சட்டமே போட்டார்கள். 2023இல் அது நடைமுறைக்கு வந்தது.

நோக்கியா என்றதும் இந்த அவையில் பலருக்கு ஸ்ரீபெரும்புதூர் நினைவு வந்திருக்கும். 2006இல் அங்கே தொடங்கிய ஆலை, 2014 நவம்பர் முதல் நாளோடு நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த இடம். அவர்களில் பலர் கிராமங்களிலிருந்து கம்பெனி பேருந்தில் ஷிப்டுக்கு வந்த இளம்பெண்கள். இரண்டு ஆண்டு முன்னதாகவே பின்லாந்தின் சாலோ நகரிலும் நோக்கியா ஆலை மூடப்பட்டிருந்தது. ஆனால் அங்கே வேலை இழந்தவர்களின் மறுபயிற்சிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி வந்தது. வெளியேறும் ஊழியர்கள் சொந்தத் தொழில் தொடங்க நோக்கியாவே பணம் கொடுத்தது. நோக்கியா பயன்படுத்தாமல் விட்ட யோசனைகளைச் சிறு நிறுவனங்கள் எடுத்து வளர்க்க டெகெஸ் ஏற்கெனவே கைகொடுத்திருந்தது. நம் பக்கம் தொழிலாளர்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பின்னாளில் அதே வளாகத்தை சாலோவில் வேர்கொண்ட சால்காம்ப் நிறுவனம் எடுத்து சார்ஜர் தயாரித்தது என்பது ஆறுதலான செய்திதான். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் கைத்திறன் எங்கெங்கே சிதறியது என்பதை நாம் பதிவு செய்திருக்கிறோமா? எனக்கு இது தீராத வருத்தம்.

ஆய்வுக்கு நிதி தருவது, ஏற்றுமதிக்கும் முதலீட்டுக்கும் வழிகாட்டுவது ஆகிய இரண்டு வேலைகளையும் பிசினஸ் பின்லாந்து போல ஒரே முகமையிடம் கொடுப்பது நல்லதா என்று ஓர் அமர்வு விவாதிக்கவிருக்கிறது. சிறு நிறுவனத்துக்கு அது வசதி. ஆய்வுக்கு நிதி கேட்கவும் வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடவும் ஒரே வாசலில் நுழைந்தால் போதும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. முதலீட்டுப் பிரிவு இந்த ஆண்டு இத்தனை ஒப்பந்தம் கையெழுத்தானது என்று காட்டிவிடும். ஆய்வுப் பிரிவிடம் காட்ட ஒன்றும் இருக்காது. தலைவரின் மேசையில் இரண்டும் அடுத்தடுத்து வைக்கப்படும்போது, காத்திருக்க வேண்டிய வேலைதான் முதலில் சுருங்கும். இங்கே 1992 முதல் இயங்கும் கைடன்ஸ் தமிழ்நாடு முதலீட்டைக் கவனிக்கிறது. புதுத்தொழில்களை ஸ்டார்ட்அப் டிஎன் கவனிக்கிறது. இவை தனித்தனியே இருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. இவற்றுக்குள் கோப்புகள் தடையின்றிப் போய்வர வேண்டும், அவ்வளவுதான். இதை மறுப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் சான்றுகளைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வென்ற நிறுவனத்தைப் பேட்டி எடுப்பது எளிது. நிதி வாங்கித் தோற்றவர்களைத் தேடிப் போங்கள். அவர்களுடைய பொறியாளர்கள் பிறகு எங்கே சேர்ந்தார்கள், அந்த வரைபடங்கள் யார் கையில் இருக்கின்றன, அரசு இல்லாவிட்டாலும் அந்த முயற்சியில் இறங்கியிருப்பார்களா என்று கேளுங்கள். அரசு அலுவலகங்களில் அந்தக் கோப்புகளைப் பார்க்க அனுமதி கேட்டு இக்கருத்தரங்கின் சார்பில் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்ற தீர்மானத்தை நாளை மாலைப் பொது அமர்வில் நானே முன்மொழிகிறேன்.

முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.