மாதக்கணக்கை மறைக்க வேண்டாம்

(பெண்கள் நலக் கூட்டத்தில் நமது மகளிர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாப்பாமார்களுக்கும் சேர்த்துத்தான் இன்று பேசுகிறோம். பெண்கள் விஷயம் என்று எழுந்து போய்விடாதீர்கள்.

நம் வீடுகளில் மகளுக்கு மாதவிடாய் வந்தால் உம்மாவுக்குத் தெரியாமல் போகாது. அந்த நாட்களில் அவள் தொழுகைப் பாயை விரிக்க மாட்டாள். அப்படியானால், வராமல் போனாலும் தெரிய வேண்டும் அல்லவா? நம் மருத்துவ முகாமுக்குக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருத்தியை அவளுடைய உம்மா அழைத்து வந்தார். முகப்பருவுக்குக் களிம்பு கேட்டு வந்தவர்கள். மருத்துவர் மாதவிடாய் பற்றிக் கேட்டதும் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். நான்கு மாதமாக வரவில்லை. உம்மாவுக்கும் அது தெரியும். "ஒரு வக்தும் விடாமல் தொழுகிறாள், நோன்பையும் முழுசாகப் பிடித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். நிக்காஹ் ஆனால் சரியாகிவிடும் என்று மாமியும் சொன்னார்" என்றார்.

நிக்காஹ் ஆனால் சரியாகிவிடும் என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. அது தவறு. அந்தப் பிள்ளைக்கு இருந்தது பி.சி.ஓ.எஸ். சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்கிறோம். கட்டி என்றதும் அறுவை சிகிச்சையா, புற்றுநோயா என்று பயம் வந்துவிடுகிறது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளே அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள். 1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 6 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகுதி இன்சுலின் சினைப்பையைத் தூண்ட, ஆண்களுக்குரிய ஹார்மோன் கூடிப்போகிறது. தாடையில் முடி, முகப்பரு, உச்சந்தலையில் முடி கொட்டுவது எல்லாம் அதனால்தான். பின்கழுத்து கறுத்துப்போனால் பயத்தமாவும் பீர்க்கங்காய் நாரும் போட்டுத் தேய்க்கிறோமே, அது அழுக்கு அல்ல. இன்சுலின் கோளாறு தோலில் காட்டும் அடையாளம். தேய்த்தால் புண்தான் ஆகும். ஒல்லியான பிள்ளைகளுக்கும் பி.சி.ஓ.எஸ். வரும்.

முட்டை வெளியாகாத மாதங்களில் கருப்பையின் உட்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகிறது. பிறகு ஒருநாள் உதிரம் அடங்காமல் போகும். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் கருப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடுகிறது. ஆகவே 90 நாள் தாண்டியும் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வயதுக்கு வந்த முதல் வருடத்தில் முன்பின்னாக வருவது இயல்புதான். அதற்குப் பயப்பட வேண்டாம். பருவப் பிள்ளைகளுக்கு ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. அந்த வயதில் சினைப்பையில் நிறைய முட்டைப்பைகள் தெரிவது சாதாரணம். தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளையும் செய்து பார்க்க வேண்டும்.

இனி மாத்திரை விஷயம். அந்தப் பிள்ளைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மருந்துக்கடைக்காரர் 'கருத்தடை மாத்திரை' என்று சொல்லிவிட்டார். உம்மா பதறி, அட்டையோடு குப்பையில் போட்டுவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்ற பயம். அந்தப் பயத்தை நாங்கள் சிறுமைப்படுத்தவில்லை. நம் ஊர் வாயை நமக்குத் தெரியாதா? ஆனால் அந்த மாத்திரை அவளுக்குக் கருப்பைச் சவ்வு முறையாக உதிரவும், முடி வளர்ச்சியும் பருவும் குறையவும் கொடுக்கப்படுகிற மருந்து. பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றை அது கெடுக்காது. அதற்காக அடுத்த வீட்டுப் பெண்ணின் அட்டையைப் பார்த்து நாமே வாங்கிக் கொடுக்கவும் கூடாது. ரத்த அழுத்தம், கடுமையான ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் ரத்தக்கட்டு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். ரமலானில் மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறோமே, மாதவிடாய் முறையாக வராதவர்கள் அதை மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், நோன்பு தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது. 80 கிலோ இருப்பவர் 4 முதல் 8 கிலோ குறைத்தால் போதும். பிரியாணியை ஹராமாக்கச் சொல்லவில்லை! சோற்றைக் குறைத்து, கறியோடு காய்கறியைக் கூட்டுங்கள். இரவு பரோட்டாவை விடுங்கள். இஃப்தாரில் நோன்புக் கஞ்சி இருக்கட்டும், சமோசாவும் ரோஸ்மில்க்கும் வேண்டாம். தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். எங்கே நடப்பது என்று பெண்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அஸருக்குப் பிறகு மைதானம் பையன்களுடையது. வாரத்தில் மூன்று காலை அதைப் பெண்களுக்கு ஒதுக்கித் தரும்படி நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் கேட்கிறதா?

திருமணமாகி ஒரு வருடம் ஆகியும் குழந்தை இல்லை என்றதும் 'வேறு பெண் பார்க்கலாம்' என்று பேச்செடுக்கும் வீடுகளும் உண்டு. பி.சி.ஓ.எஸ். இருந்தால் குழந்தையே பிறக்காது என்பது பொய். முட்டை வெளியாக லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. சிகிச்சை எடுத்துப் பிள்ளை பெற்றவர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். மருமகளை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைக்கழிக்காமல், முதல் தடவையே மகனுக்கும் விந்துப் பரிசோதனை செய்யுங்கள். அது ஒரு நாள் வேலை.

குப்பையில் போட்ட அந்த அட்டையை உம்மா மறுபடி வாங்கிக்கொடுத்தார். மூன்றாவது மாதம் பிள்ளை முகாமுக்குத் தனியாகவே வந்தாள், கையில் ஒரு சின்ன நோட்டோடு. மாதவிடாய் வந்த தேதி, எத்தனை நாள், எவ்வளவு உதிரம் என்று எழுதியிருந்தாள். அதே மாதிரி ஒரு நோட்டு உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். முகாமுக்கு வரும்போது அதையும் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் கொண்டுவாருங்கள். தனியாகக் கேட்க வேண்டியது இருப்பவர்களுக்காக உள்ளறையில் பெண் மருத்துவர் இஷாவரை இருப்பார்.